நிற்கும் வரை உட்காருங்கள்

எங்கள் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏறிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். நேரே நின்று பார்த்தால் அந்தக் காலத்து பஸ், குனிந்து பார்த்தால் ரயில் சக்கரம். உள்ளே இரண்டு பக்கமும் மர பெஞ்சுகள். முன்னால் ஓட்டுகிறவருக்கு ஒற்றை இருக்கை, அதன் பக்கத்தில் படுக்கை வசத்தில் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று. அதைக் கண்டதும், "இதோ இருக்கே ஸ்டியரிங்!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அது பிரேக். வலப்பக்கமாகத் திருப்பத் திருப்ப வண்டி மெதுவாகி நிற்கும். எங்கே போவது என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு இரண்டே வேலை: கிளப்ப வேண்டும், நிறுத்த வேண்டும்.

அந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. காரணம் இருக்கிறது. ரிடையர் ஆகும் வரை தினமும் பம்பாயில் செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஆபீஸ் போனவள் நான். அத்தனை வருஷப் பயணத்தில் நான் கண்ட காட்சி முன்னால் நிற்பவளின் பின்னல், பக்கத்தில் நிற்பவளின் அக்குள், யாரோ ஒருத்தி மடியில் வைத்து உரிக்கும் பட்டாணி. ரயில் எதைப் பார்த்துக்கொண்டு போகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவையாவது முன்னால் உட்கார்ந்து, தண்டவாளம் என்னை நோக்கி வருவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதை வீட்டில் சொன்னபோது என் கணவர், "யூடியூப்ல நிறைய இருக்குமே" என்றார்.

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே, ஒரு பழைய கிடங்கை அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். சிக்னல் விளக்குகள், கைத்தள்ளு டிராலி, துருப்பிடித்த மணி, அப்புறம் ரயில் மோட்டார் என்று பெயர் போட்ட எங்கள் வண்டி. கிடங்கு வாசலிலிருந்து முற்றத்தின் கோடி வரை ஒரு துண்டுத் தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கிடங்கிலிருந்து கிளம்பிக் கோடியில் இருக்கும் குட்டி பிளாட்பாரத்தில் நிற்கும், பிறகு பின்னாலேயே திரும்பி வரும். பிளாட்பாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வடா பாவ் கடை.

இதையெல்லாம் நடத்துவது எங்களைப் போன்ற சேவைக்காரர்கள்தான். சம்பளம் கிடையாது, டீ உண்டு. தலைமை ஒரு மராத்திக்காரர். புறநகர் ரயில் ஓட்டும் மோட்டர்மேன்களுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சாஹேப் என்போம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வண்டியின் முன்விளக்கை மட்டும் தானே துடைப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். எனக்குக் கொடுத்த வேலை பித்தளைக் கைப்பிடிகளைப் பளபளக்க வைப்பதும், ஓடும்போது பின்பக்கம் கார்டாக நிற்பதும். கார்டின் பக்கத்திலும் ஒரு பிரேக் சக்கரம் உண்டு, ஆபத்துக்கு. பித்தளைக்கு சாஹேப் ஒரு புட்டி மருந்து வாங்கி வைத்திருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு நான் புளியைக் கொண்டு போய்த் தேய்த்தேன். கைப்பிடிகள் தங்கமாக ஜொலித்தன. சாஹேப் முகர்ந்து பார்த்துவிட்டு முன்விளக்கைத் துடைக்கப் போனார்.

"எக்கா, வண்டியப் புளி போட்டுத் தேய்க்கியளே, சாயங்காலம் ரசம் வைக்கப் போறியளா?"

இப்படிக் கேட்டவர்தான் என் எதிரி. தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தினம் விடிகாலை லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு மஸ்ஜித் பந்தருக்குப் போய்ச் சரக்கெடுத்து வருகிறவர். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கும் அந்த ஒற்றை இருக்கை மேல் கண். வழக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் மகள் வீட்டோடு இருக்கப் புனே போய்விட்டார். இருப்பது ஒரு இருக்கை, ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர். அண்ணாச்சி வண்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். நான் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினேன். சாஹேப் இரண்டையும் பிய்த்துப் போட்டார்.

எங்கள் பயணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தின் நீளம் ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம்தான் இருக்கும். வண்டி நடக்கிற வேகத்தில் போகும். ஆனால் ஏறுகிறவர்கள் பம்பாய்க்காரர்கள் இல்லையா? கிடங்குக்குள் வண்டி திரும்பி வரும்போதே ஓடி வந்து தாவி ஏறி ஜன்னலோரம் பிடிப்பார்கள். கர்ச்சீப் போட்டு இடம் வைப்பார்கள். மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள் வந்து நின்று கையால் சைகை காட்டுவார், மூன்று பேரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்வார்கள், அவர் அரை உடம்பை வைத்து உட்கார்ந்துகொண்டு பேப்பரை விரிப்பார். ஒரு நாள் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து, "கஹா உத்ரேகா?" என்று கேட்டாள். எங்கே இறங்குவாய் என்று. இந்த ரயிலில் இறங்க ஒரே இடம்தான்! உட்கார்ந்திருந்தவளும் யோசித்துவிட்டு, "லாஸ்ட்" என்றாள்.

வண்டி கிளம்பியதுமே எல்லாரும் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுவிடுவார்கள். சாஹேப் கிடங்கு வாசலில் நின்று, "பைட்டோ! அரே பாபா, பைட்டோ!" என்று கத்துவார். யார் உட்காருவார்கள்?

என் கணவர் மட்டும் உட்காருவார். அவர் செம்பூரில் வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மணியடிப்பது வீட்டுக்கே கேட்கும், அதற்குப் பிறகு சட்டை மாட்டிக்கொண்டு போவார். வேலைக்காக ரயில் ஏறியதே இல்லை. அவரோடு ரயிலில் போவது பெரிய தண்டனை. ஒரு தடவை மாதுங்காவில் கல்யாணத்துக்குப் போகக் குர்லாவில் வண்டி மாற வேண்டும். வண்டி நுழையும்போதே நான் பையோடு குதித்து இறங்கிவிட்டேன். இவர் வண்டி நிற்கட்டும் என்று காத்திருந்தார். நின்றதும் எழுந்தார், வேஷ்டியைச் சரி செய்துகொண்டார், கதவுக்கு வந்தார். அதற்குள் ஏறுகிற கூட்டம் அவரைத் திருப்பி உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டது. நான் குர்லாவில், அவர் அடுத்த ஸ்டேஷன் சுனாபட்டியில். தாலி கட்டி முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். "உங்களுக்கு ரயில் ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள், வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை. அருங்காட்சியகத்துக்கும் அவர் என்னோடு வருவது வடா பாவுக்காகத்தான்.

கடைசியில் சாஹேப் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பரீட்சைக்கென்று ஒதுக்கினார். பொது ஜனம் கிடையாது, சேவைக்காரர்களும் அவர்கள் வீட்டு மனிதர்களும்தான் பயணிகள். முதலில் அண்ணாச்சி ஓட்டுவார், நான் கார்டு. அடுத்த சுற்றில் நான் ஓட்டுவேன், அண்ணாச்சி கார்டு. பிளாட்பாரத்தில் இருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு நேராகக் கதவு வருகிற மாதிரி யார் அழகாக நிறுத்துகிறாரோ அவருக்குத்தான் அந்த இருக்கை, ஓட்டுநர் தொப்பியோடு.

அண்ணாச்சி சவரம் செய்து, விபூதி பூசி, புதுச் சட்டையில் வந்திருந்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவர் நன்றாகத்தான் ஓட்டினார். கிளப்பினபோது ஒரு குலுக்கல் இல்லை. முற்றத்தைத் தாண்டி பிளாட்பாரத்தை நெருங்கியதும் கியரை எடுத்தார், பிரேக் சக்கரத்தை நிதானமாகப் பாதி திருப்பினார். வண்டி கனவில் போகிற மாதிரி உருண்டது. போச்சு, வேலை இவருக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது பிளாட்பாரம் வந்தது.

அண்ணாச்சி எழுந்தார். கதவுக்கு வந்தார். ஓடுகிற வண்டியிலிருந்து வலது காலை வைத்து, நாலு அடி ஓடி, லாகவமாக இறங்கி நின்றார்.

இறங்கி நின்ற பிறகும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வண்டி அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்தக் கடையை யாரோ தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஓட்டுகிறவனே இறங்கிவிட்டானே, இதைவிடக் கோமாளித்தனம் உண்டா என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்புறம்தான், நான் எந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன் என்று பார்த்தேன். அது பிளாட்பாரத்துத் தூண்.

நானும் இறங்கியிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று சத்தியமாகத் தெரியாது. கார்டு இறங்கியாயிற்று, பயணிகள் அத்தனை பேரும் இறங்கியாயிற்று, சிலர் வெளியே போகும் வழியைத் தேடி வேகமாக நடக்கக்கூட ஆரம்பித்திருந்தார்கள். போய்க்கொண்டிருக்கும் வண்டிக்குள் ஒரே ஒரு தலை தெரிந்தது. என் கணவர். கையைக் கட்டிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு, வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தார்.

"ஐயய்யோ, எக்கா, ஸார் உள்ள இருக்காவ!" என்று அண்ணாச்சி கத்தினார்.

எல்லாரும் ஓடினோம். தமிழ், ஹிந்தி, மராத்தி எல்லாவற்றிலும் கத்தினோம். சாஹேப் கிடங்கு வாசலிலிருந்து, "மேரா லைட்! மேரா லைட்!" என்று தன் முன்விளக்குக்காக அலறியபடி ஓடி வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் வடா பாவ்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு அடுப்பை அணைத்துவிட்டு, வடைத் தட்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஓடினேன்.

"ஏன்னா! பிரேக்கைத் திருப்புங்கோ!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏன் வெளியிலே ஓடிண்டு வரே?"

"அந்தச் சக்கரம்! முன்னாடி இருக்கற சக்கரத்தைத் திருப்புங்கோ!"

அவர் எழுந்தார், முன்னால் போனார், ஓட்டுநர் இருக்கையைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எந்தப் பக்கம்? கடிகாரச் சுத்தா, எதிர்ச் சுத்தா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பல்லைக் கடித்தது எனக்கே கேட்டது. "கடிகாரம்! கடிகாரம்!" என்று அலறினேன். அவர் கடிகாரச் சுற்றாகத் திருப்பினார். நிதானமாக, போர்டில் வட்டம் போடுகிற மாதிரி. வண்டி முனகியது. தடுப்புக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு வடை நுழைகிற இடைவெளியில் நின்றது. முழுக்க நின்றதா என்று அவர் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். பிறகு எழுந்து, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, மூச்சிரைக்க நின்ற எங்களைப் பார்த்து, "எல்லாரும் எதுக்கு இப்படி வேர்த்துப் போயிருக்கேள்?" என்றார்.

சாஹேப் விளக்கைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. பிறகு தொப்பியைக் கொண்டு வந்து நேரே என் கணவர் தலையில் வைத்தார்.

நான் சண்டைக்குப் போனேன். "சாஹேப், என் பரீட்சை இன்னும் நடக்கவேயில்லை" என்றேன். அவர் ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார்: கிளப்புவதை ஒரு வாரத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். வண்டி நிற்கும் வரை உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் இந்த ஊரில் கிடைப்பது கஷ்டம். கிடைத்திருக்கிறார், விடமாட்டேன். நீங்களும் அண்ணாச்சியும் உட்காரப் பழகினால் அப்போது பார்க்கலாம்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு மட்டும் தோசை வார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷமாகப் புளி தேய்த்துக் கை வெந்தவள் நான், வடை தின்ன வந்தவர் தலையில் தொப்பி! பொறாமைதான், வேறென்ன? புருஷன் என்றால் பொறாமை வராதா? அவர் தானே ஒரு தோசையை வார்த்து, அது கல்லோடு ஒட்டிக்கொள்ள, சுரண்டிச் சாப்பிட்டார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். எனக்கு அந்தத் தொப்பியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் போலிருந்தது.

சாஹேப் அவரைத் தயார் செய்து ஓட்ட விட்டார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் ஓட்டினார், நானும் அண்ணாச்சியும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உட்காரப் பழகினோம். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். பிளாட்பாரம் கண்ணில் பட்டதுமே என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்துவிடும். கை பையைத் தேடும். அண்ணாச்சி ஒரு வாரம் துண்டால் தன்னைப் பெஞ்சோடு கட்டிக்கொண்டார். வண்டி மெதுவானதும் பதறி எழுந்து, பெஞ்சின் பலகையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு நின்றார். சாஹேப் துண்டுக்குத் தடை போட்டார்.

"இது நமக்கு ஆவாதுக்கா. ஒடம்புல ஊறிட்டுல்லா" என்றார் அண்ணாச்சி.

நான் விடவில்லை. நிஜ லோக்கலிலேயே பழகலாம் என்று ஒரு நாள் சாயங்காலம் செம்பூர் வரும் வரை எழவில்லை, வண்டி நிற்கும் வரையும் எழவில்லை. நின்றதும் எழுந்தேன். கதவுப் பக்கம் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள். ஏறின கூட்டத்தோடு நானும் அடுத்த ஸ்டேஷன் கோவண்டி போய்ச் சேர்ந்தேன். கோவண்டி பிளாட்பாரத்தில் நின்று, சுனாபட்டிக்குப் போன அந்த மனுஷனை முதல் தடவையாகக் கொஞ்சம் பரிதாபத்தோடு நினைத்தேன். வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, சாஹேப் என்னை முன்னால் போய் உட்காரச் சொன்னார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கோடுகளாகத் தண்டவாளம். மழையில் கழுவி எடுத்த மாதிரி இருந்தது. கிளட்சை விட்டேன். வண்டி நகர்ந்தது. தண்டவாளம் என்னை நோக்கி வர ஆரம்பித்தது.

அப்பாடா, என்ன சொல்ல! கல்யாண மண்டப நீளத் தண்டவாளம்தான், அந்தக் கோடியில் தெரிந்தது வடா பாவ் கடைதான். ஆனால் எல்லாம் எனக்காகவே திறந்துகொண்டு வருகிற மாதிரி இருந்தது. முன்னால் ஒரு பின்னல் இல்லை. ஒரு அக்குள் இல்லை. நான் சத்தமாகச் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

பிளாட்பாரம் வந்தது. கியரை எடுத்தேன், சக்கரத்தைத் திருப்பினேன். பின்னால் தடதடவென்று சத்தம். பயணிகள் குதிக்கிறார்கள், அண்ணாச்சியும் குதித்து, "சே!" என்று தலையில் அடித்துக்கொள்வது ஜன்னலில் தெரிந்தது. என் கால்கள் எழப் பார்த்தன. பையில்லாத கை பையைத் தேடியது. தேடின கையையும் சக்கரத்தில் வைத்து அழுத்தினேன். உட்காருடி, உட்காரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளைக் கோடு ஜன்னலோரமாக ஊர்ந்து வந்து கதவுக்கு நேராக வந்தது. சின்னதாக ஒரு பின்னிழுப்பு. அப்புறம் அசைவே இல்லை.

ஒரு வண்டி நிற்பதை நான் உள்ளே இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை காலமும் நிற்பதற்குள் இறங்கி ஓடியிருக்கிறேன். பால் வாங்க, குக்கர் வைக்க, பிள்ளைகளுக்கு யூனிபாரம் தேய்க்க. ஓடி ஓடி மிச்சம் பிடித்த அந்த நிமிஷங்களில் ஒன்றில்கூட நான் உட்கார்ந்ததில்லை. அழுகை வந்தது. மறைக்கவில்லை.

சாஹேப் பிளாட்பாரத்தில் வந்து நின்று கோட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "டீக் ஹை, மேடம். காடி ருக் கயீ. உத்ரோ" என்றார். வண்டி நின்றாயிற்று, இறங்குங்கள் என்று. நான் இறங்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் விளக்கைத் துடைக்கப் போனார்.

என் கணவர் பின்பெஞ்சிலிருந்து எழுந்து, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். தொப்பியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். அது அவர் தலைச் சூட்டோடு இருந்தது.

"வண்டி நின்னாச்சே, இறங்கலையா?" என்றார்.

"அவசரமில்லை" என்றேன். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.